எலுமிச்சம்பழம் அளவு நிழல்

ஏழு கிரகங்களை ஆளும் கோயிலுக்குள் பூசாரி இனத்தின் நிழல் மட்டுமே விழலாம். மற்ற இனங்கள் வெளியேதான். இன வரிசையின் கடைசிப் படியில் கிடந்த கண்ணாடி உடல்காரர்களைப் பற்றிச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. அவர்களுக்கு நிழல் கிடையாது.

அந்த இனத்தைச் சேர்ந்த நீரலி கைக்குழந்தையோடு வந்தாள். இன்று வாசல் அடைப்பதற்குள் கோயிலுக்குள் எரியும் சுடர் முன்னால் பெயர் வைக்காவிட்டால் குழந்தைக்கு ஆயுள் முழுக்க வெறும் எண்தான்.

நான்கு கைக் காவலன் மொகரன் தரையைப் பார்த்தான். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு நிழல் ஆடியது.

“என்ன இது?”

“வயித்துல இருக்கிற பாலுங்க. வழியில அழுதான், கொடுத்துட்டேன்.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“அதை அவன்கிட்ட சொல்லிப் பாருங்க.”

வெயில் சாய, எலுமிச்சம்பழம் நீண்டு வெள்ளரிக்காய் ஆனது. கண்ணாடி உடலைத் தொட்டால் வேலை போய்விடும். மொகரன் சுற்றிலும் பார்த்தான். சட்டென்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினான். குடித்த பால் மொத்தமும் அவன் பட்டுச் சட்டையில் இறங்கியது. தரையில் இப்போது அவன் நிழல் மட்டும்தான் இருந்தது.

“போ, போ, சீக்கிரம்.”

நீரலி குழந்தையை வாங்கிக்கொண்டு படியேறினாள். அந்த வாசலில் நின்றே கிழவனாகிவிட்ட மொகரன் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டான்.

“ஏம்மா, உள்ளே சாமி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு.”