இரண்டாவது கேமரா

"என்னை எதுக்குண்ணே குரூப்லருந்து தூக்கினீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கோதண்டராமனின் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றாள் ஜெயக்கொடி.

செஞ்சி வட்டாரத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் அது. ஆரம்பித்தவரும் அட்மினும் கோதண்டராமன்தான். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்கல்லாம் கோட்டை அடிவாரத்துல ஜோடிய நிக்க வச்சி, கலர் புகை விட்டு எடுக்கறோம். நீ மட்டும் மல்லாட்டைக் காட்டுல, கடலைச் செடிக்கு நடுவுல உக்கார வச்சி எடுக்கற."

"அந்தப் பொண்ணு வளந்த காடுண்ணே. ஆசப்பட்டுக் கேட்டுச்சி, எடுத்தேன்."

சோபாவில் சாய்ந்திருந்த முருகையன் சிரித்தான். அவனும் போட்டோகிராபர்தான்.

"பொண்ணு வாய் நெறய மல்லாட்டை, தலையெல்லாம் மண்ணு. அது கல்யாண ஆல்பமா, மண்டி விளம்பரமா?"

"அதப் பாத்துட்டுத்தான உன் பார்ட்டி, எங்களுக்கும் இந்த மாதிரி வேணும்னு உன்கிட்ட கேட்டாங்க? உனக்கு வரல. வயிறு எரியுது."

முருகையன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் கோதண்டராமன். "நீ புதுசா ஒண்ணு கெளப்பி விடுவ, மத்தவன் பொழப்பு ஆட்டம் காணும். குரூப்புக்கு அது ஒத்து வராது."

"வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டைல எனக்குக் கல்யாண ஆர்டர் இருக்குது. நான் மண்டபத்துல நின்னா, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் இல்ல. ஒருத்தனும் போனை எடுக்க மாட்றான். இதுவரைக்கும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இவனுங்களுக்கெல்லாம் நான் போய் நின்னேனே, அது மறந்துபோச்சா?"

இந்தப் பக்கம் தொழில் அப்படித்தான் ஓடுகிறது. ஒருவர் பிடித்த கல்யாணத்துக்கு இன்னொருவர் இரண்டாவது கேமராவாகப் போவார். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் இவருக்கு வருவார். குரூப்பை விட்டுப் போனால் அந்தத் துணை போச்சு. இந்தக் கல்யாணம் சொதப்பினால் அவளைத் தேடி இன்னொரு பார்ட்டி வராது.

"எல்லாரும் எடுக்கற மாதிரியே எடுக்கறேன்னு ஒரு வார்த்த போடு. இப்பவே சேத்துடறேன்."

"போட மாட்டேன்." அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது. "செல்போனை வச்சி எடுத்தாலும் எடுப்பேன், உங்க புகை எனக்கு வேணாம். நீங்களே மூஞ்ச மூடிக்கிட்டு நில்லுங்க."

கண்ணாடிக் கதவு அதிரச் சாத்திக்கொண்டு போனாள்.

"திமிரப் பாத்தியாண்ணே," என்று முருகையன் எழுந்து டீக்கடைக்குப் போனான்.

ஆல்பம் அட்டை பொறுக்க வந்த தங்கராஜ் மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். குரூப்பில் ஒரு ஓரமாகக் கிடக்கிறவன். ஆனால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தான். போன முகூர்த்தத்தில் காய்ச்சலோடு அவனுக்கு வந்து நின்றவள் அவள். இந்த மனுஷன் ஒரு பெண்ணை வளர விடாமல் வழியை அடைக்கிறாரே.

அட்டைகளை மேஜைமேல் போட்டான்.

"அண்ணே, நீங்க பண்ணது அநியாயம். வெள்ளிக்கிழமை அவளுக்கு நான் போய் நிக்கப் போறேன். என்னையும் தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க."

கோதண்டராமன் அப்போதுதான் நிமிர்ந்தார். எழுந்து பீரோவைத் திறந்தார். கூடப் பிறந்தவன் கேட்டும் இரவல் தராத லென்ஸை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"அந்த மண்டபத்துல வெளிச்சம் பத்தாது. இத எடுத்துட்டுப் போ. அவளுக்காக எவனாவது முன்ன வருவானான்னுதான் பாத்துட்டிருந்தேன்."

தங்கராஜ் விழித்தான். "இன்னாண்ணே இது? அப்ப அவள குரூப்லயே விட்டு வச்சிருக்கலாமே."

"அங்கயே இருந்தா ஆளாளுக்குக் கிண்டல் பண்ணிப் பண்ணியே அவளையும் புகை விட வச்சிருவானுங்க."

"நீங்க குடுத்தீங்கன்னு சொல்லட்டுமா?"

"மூச்சு விடாத. என் மேல இருக்கற கோவம் ஆறிடுச்சின்னா, அவளும் என்னைய மாதிரியே எடுக்க ஆரம்பிச்சிடுவா."