மெஷின் சத்தம்

செஞ்சியில் மூட்டுவலிக்குப் பார்க்கும் கைரோபிராக்டிக் கிளினிக்கில் பிரிட்டோவின் முழங்கையை அழுத்திப் பார்த்தார் டாக்டர். "தசைநார் வீங்கியிருக்குது. தினமும் துணி பிழியுறீங்களா?"

மனைவி லூசி சிரித்தாள். "இவரா? குளிச்ச துண்டைக்கூட காயப்போட மாட்டாரு. வீட்ல வாஷிங் மெஷின் இருக்குது, டாக்டர்."

பிரிட்டோ திருதிருவென விழித்தான். வெளியே வந்ததும் லூசி விடவில்லை. "இன்னாத்துக்கு அப்படி முழிச்சீங்க?"

"விடிகாலைல அம்மாவோட பெட்ஷீட்டை நான்தான் அலசிப் பிழியுறேன்."

"ராத்திரி காப்பியை நிறுத்தினதும் அத்தைக்குச் சரியாயிடுச்சே?"

"ஆகல, லூசி. இன்னொரு வாட்டி படுக்கை நனைஞ்சா சிங்கவரத்துல அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு அம்மா காதுபட நீதான சொன்ன. மெஷின் போட்டா சத்தத்துல நீ எழுந்துடுவ."

தினமும் காலையில், தான் கேட்காமலேயே, "இன்னிக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அத்தை சொல்வது லூசிக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிகாலையில் பிரிட்டோவைத் தூங்கவிட்டு, அத்தை சுருட்டிக் கதவோரம் வைத்திருந்த நனைந்த படுக்கை விரிப்பை லூசியே எடுத்துப் போய் மெஷினில் போட்டாள். மாற்று விரிப்போடு திரும்பியபோது அறையில் விளக்கு எரிந்தது.

அத்தை தன் புடவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் சத்தம் கேட்டுச்சு. பெரியவன் வீட்டுக்கு மொத பஸ்லயே போயிடறேம்மா."