தலைக்குள் ஒரு வலை

“பூரணி, சட்னியில உப்பு ஒரு கல்லு தூக்கல்” என்ற தணிகாசலம், அடுத்த நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரித் தாளிலிருந்த ‘சப்அரக்னாய்டு ஹெமரேஜ்’ என்ற நீண்ட பெயரை நர்ஸ் விரலால் மறைத்து மறைத்துப் பிரித்துக் காட்டினாள். “‘சப்’னா அடியில. ‘அரக்னாய்டு’ன்னா சிலந்தி வலை மாதிரி. ஹெமரேஜ்னா ரத்தக்கசிவு.”

“வலையா? தலைக்குள்ளயா?”

“எல்லார் மூளை மேலயும் போர்த்தியிருக்கும்மா. ரொம்ப மெல்லிசா.”

முப்பது வருடம் பூரணி எண்ணெய் தேய்த்துவிட்ட தலை அது. யாரோ ஒருவர் முதன்முதலில் உள்ளே பார்த்து, மூச்சடக்கி நின்று, இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

தணிகாசலம் கண்விழிக்கவேயில்லை. பதினாறாம் நாள் வீடு கழுவ வந்த நாத்தனார், கூடத்து மூலையிலிருந்த சிலந்தி வலையை நோக்கி ஒட்டடைக் கம்பை உயர்த்தினாள்.

“அத விட்டுடு, கற்பகம்.”

“தீட்டுக் கழிக்கிற அன்னிக்கு ஒட்டடையா அண்ணி?”

பூரணி கம்பை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த வலை இன்றும் அதே மூலையில்தான் இருக்கிறது.