புல்டோசர் போன தூரம்

செம்பட்டி ரோட்டு வேலைக்கு வந்த புல்டோசருக்கு அடியில் டிரைவர் மீரான் மல்லாந்து கிடந்தான். கண்ணுசாமி அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். மறுகையில் அரிவாள்.

"ஏறுலே. வண்டியை எடு."

"அண்ணே, வண்டியில இப்ப..."

அரிவாள் பிடியால் வாயிலேயே ஓங்கி ஒரு போடு. பல் உடைந்து ரத்தத்தோடு மண்ணில் விழுந்தது.

"எங்கண்ணே போகணும்?"

"அந்தா தெரியுது பாரு, எம் பங்காளி சோலைமலை வீடு. பொதுக் கெணத்தைக் கோர்ட்டுல தன் பேருக்கு வாங்கிட்டு வந்துட்டான். சுவத்தோட சேத்து அவனை மண்ணாக்கணும்."

"உள்ள புள்ளகுட்டி இருக்குமேண்ணே."

"இருக்கட்டும்." அரிவாள் மீரானின் கழுத்தில் பதிந்தது. "ஆமா, ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

மீரான் அந்த வீட்டை ஒரு தடவை பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணே."

ஏறி உட்கார்ந்து, வாயைத் துடைத்த துண்டை எதிரே இருந்த மீட்டர்கள் மேல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். உயிருக்குப் பயந்த பயல் என்று, பக்கத்தில் தொற்றி ஏறிக்கொண்ட கண்ணுசாமிக்கு இளக்காரமாக இருந்தது.

வேலி நொறுங்கியது. முருங்கை மரம் சாய்ந்தது. வாசலில் சோலைமலையின் பெண்டாட்டி ஒச்சம்மாள் கைக்குழந்தையோடு அலறினாள்.

"ஏத்துலே!"

எஞ்சினுக்குள் இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அப்புறம் அசையவே இல்லை. நாலா பக்கமும் ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள்.

"என்னலே ஆச்சு?"

மீரான் துண்டை எடுத்தான். எஞ்சின் எண்ணெய் மீட்டரின் முள் சைபரில் கிடந்தது.

"பழைய எண்ணெயை எறக்கிட்டேன், புதுசு இன்னும் ஊத்தல. அதைச் சொல்லத்தாண்ணே மொதல்ல வாயைத் தொறந்தேன்."