பட்டினி கிடந்தவளின் பிள்ளைகள்

வெளியே உச்சி வெயில். கதவுக்கு இந்தப் பக்கம் நடு இரவு.

எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும். வேலை நேரத்தில் அவற்றைப் பார்க்க வேண்டுமே என்று அந்த ஆய்வுக்கூட அறையில் பகலையும் இரவையும் மாற்றி வைத்திருந்தார்கள். மங்கலாக ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு எலிகளின் கண்ணுக்குத் தெரியாது.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் கட்டிவிட்ட அங்கியும் தலையுறையும் அவளை வேறு யாரோ போல ஆக்கியிருந்தன.

பிறகு பிள்ளை தூங்கும் வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி பூனை நடை போட்டு உள்ளே வந்தாள். எலிகளுக்கு நடுவே பூனை நடையா என்று மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

சுற்றிலும் நூறு கால்கள் மரத்தூளைக் கிளறும் சத்தம். எங்கோ தூரத்துக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டது.

இத்தனை வருஷமாக, எலியோடு என்ன பிழைப்பு என்று கிண்டல் செய்தவள்தான் அம்மா. எட்டிப் பார்த்ததுகூட இல்லை. நேற்று சாப்பிடும்போது மாப்பிள்ளை வாயை விட்டுவிட்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். வயிற்றில் குட்டி இருக்கிற எலிகளில் பாதிக்கு நிறையத் தீனி. மீதிப் பாதிக்கு அரை வயிறு. குட்டிகள் பிறந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே அளவு. அந்தக் குட்டிகள் வளர்ந்து என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் உங்கள் பெண்ணின் வேலை, அத்தை.

என்ன ஆகின்றன என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மகள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்துவிட்டாள்.

அதற்குமேல் அம்மா சாப்பிடவில்லை. விடிந்ததும், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று வந்து நின்றாள்.

இப்போது கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் நடப்பது நீருக்குள் நடப்பது போல இருந்தது.

வலது அடுக்கில் ஒல்லியான எலிகள். முடி பளபளவென்றிருந்தது. ஒரு இடத்தில் நில்லாமல் கம்பியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

இடது அடுக்கில் மூலைக்கு ஒன்றாக, மூட்டை போட்டு வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. தண்ணீர் பாட்டில்கள் அதற்குள் பாதி காலி. அடியில் மரத்தூள் ஊறிக் கிடந்தது.

அம்மா அந்த ஈரத்தையே பார்த்தாள்.

மகளுக்குச் சர்க்கரை என்று தெரியவந்த வருஷம், அவள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததையும், தூக்கத்தில் எழுந்து எழுந்து போனதையும் முதலில் கவனித்தவள் அம்மாதான். அப்போது மகள் கல்லூரியைக்கூட முடித்திருக்கவில்லை.

"இதுல பட்டினி கெடந்தவளோட புள்ளைங்க எதும்மா?"

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

மகளை வயிற்றில் சுமந்த மாதங்களில் அப்பா வேலை தேடிப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டார். ஒற்றை அறையில் அம்மா ஒரு வேளை மட்டும் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்று நாளைத் தள்ளியிருக்கிறாள். இதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சித்தி சொல்லித்தான் தெரியும்.

அம்மா சொல்லாமல் செய்தது ஒன்று உண்டு. மகள் ஊசி போட்டுக்கொள்ள உட்காரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அங்கே குழாய் திறந்து ஓடும் சத்தம் கேட்கும்.

மகள் கையை நீட்டினாள்.

வலது அடுக்கைக் காட்டினாள்.

அம்மா போய் அதன் முன்னால் நின்றாள். ஒரு எலி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, மீசை துடிக்க அவளை மோந்தது. அம்மாவும் குனிந்தாள். இரண்டும் வெகுநேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தூறல் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்ப அது என்னால இல்ல" என்றாள் அம்மா.

மகள் நழுவிக் கிடந்த அம்மாவின் தலையுறையைச் சரிசெய்துவிட்டாள்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடி நின்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கான்டீனில் தட்டு நிறைய வாங்கி அவள் முன்னால் வைத்தாள் மகள். அம்மா சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று மகள் எழுந்து போனாள்.

அறைக்குள் அதே நடு இரவு.

நேரே இடது அடுக்குக்குப் போய், பட்டினி கிடந்தவளின் பிள்ளைகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒன்று மட்டும் மூலையிலிருந்து கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, கம்பி வழியே அவள் விரலை மோந்தது.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா" என்றாள்.