பல்கனியில் காய்ச்சிய சூப்

ஹோம்புஷ் அடுக்குமாடியில் காலை ஏழு மணி. கதவைத் திறந்த நாகபூசணியின் முன்னால் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி லின், குளிரில் சிவந்த கைகளில் பிளாஸ்க்கோடு நிற்கிறார். "மூண்டு நாளா சுவருக்கு அங்கால உன்ர இருமல் கேட்குது. வருத்தம் பெரிசாக முதலே உடம்பைப் பார்க்க வேணும். வேரும் இஞ்சியும் போட்ட சூப்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்கிறார். மூடியின் இடுக்கால் அந்த மணம் வருகிறது. அதைத் தாங்க முடியவில்லையென்று போன மாதம் கட்டட நிர்வாகத்துக்குப் பெயர் போடாமல் முறைப்பாடு எழுதியவள் நாகபூசணிதான். அன்றிலிருந்து லின் குசினியில் காய்ச்சுவதில்லை. குளிர்காற்றடிக்கும் பல்கனியில் சின்ன அடுப்போடு குந்தியிருந்துதான் காய்ச்சுகிறார். நாகபூசணிக்கு முகம் எரிகிறது. நிலத்தைப் பார்த்தபடி, "முறைப்பாடு குடுத்தது நான்தான், அன்ரி," என்கிறாள். "தெரியும்," என்கிறார் லின். "ஆற முதல் குடி."