பன்னிரண்டாவது ஓட்டை

சுகந்தினி கட்டைவிரலை ஓட்டைக்குள் சொருகினாள்.

கொட்டுவது நின்றது. கசிவு மட்டும் மணிக்கட்டில் வழிந்து, முழங்கையில் இறங்கி, ரவிக்கைக்குள் போனது.

"நானா! ஓடி வாங்க! கையை எடுத்தா அவ்வளவும் போயிரும்!"

நாற்பது வாளித் தண்ணீர். மலையூற்றுப் பீலியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து படகுக்குள் ஊற்றியது.

படகு நான்கு பீப்பாய்களின் மேல், லயத்து வீடுகளுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றது. ஆறு கீழே, அரை மைல் தள்ளி. சுகந்தினி படகுக்கு அடியில், உதிர்ந்த இலைகளின் மேல் மல்லாந்து கிடந்தாள்.

யட்டியாந்தோட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மஷூர் நானா, ரிவெட் பெட்டியோடு அப்போதுதான் மேடேறி வந்தார். இந்த அலுமினியப் படகை அவளுக்கு விற்றவரும் அவர்தான். குனிந்து பார்த்தார்.

"மீன் பிடிக்க வாங்கின படகுல தண்ணிய ஊத்தி மீன் வளக்கிறீங்களா தங்கச்சி?"

"போன்ல பார்த்தேன் நானா. உள்ளுக்குத் தண்ணி ஊத்தினா எங்கெங்க ஒழுகுதுன்னு தெரியுமாம்."

"அது சரி. அடிச் சேத்தைச் சுரண்டிட்டு ஊத்தச் சொல்லி போன் சொல்லல்லியா?"

சொல்லியிருக்கும். அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

ரப்பர் பால் வெட்டு ஓய்ந்த இந்த ஒரு மாதமாக, கம்பி பிரஷ்ஷால் உட்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஆக்கியிருந்தாள். பின்பலகைக்கு அடியில் மட்டும் அவள் கை போகவே இல்லை.

தண்ணீர் நிரம்பியதும் பதினோரு இடத்தில் சொட்டியது. மகளின் பள்ளி வெண்கட்டியால் பதினோரு வட்டம் போட்டாள். எல்லாம் ஊசி முனை அளவு.

பின்பலகைக்கு நேர் கீழே ஒரு சேற்றுக் கட்டி மட்டும் சொட்டாமல் இருந்தது. அது மெதுவாக உப்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிதுங்கி, அவள் நெஞ்சில் விழுந்து, இலைகளுக்குள் உருண்டது.

அதுதான் பன்னிரண்டாவது. கட்டைவிரல் பருமன்.

பின்பலகை, சசி உட்கார்ந்து துடுப்புப் போட்ட இடம்.

சசி அவள் புருஷன். போன மழைக்கு ஆறு கீழ் லயத்துக்குள் வந்த விடியலில், ஏழு பேரை இந்தப் படகில் ஏற்றினான். நடு ஆற்றில் படகு பாறையில் இடித்தது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. சசி ஆற்றில் பாய்ந்தான்.

"ஓராள் பாரம் குறைஞ்சதும் தண்ணி ஏறுறது நின்னுருச்சு" என்று படகில் இருந்த இராமசாமி கங்காணி இன்றைக்கும் சொல்கிறார்.

ஏழு பேரும் கரை சேர்ந்தார்கள். சசியை மூன்றாம் நாள் மூங்கில் புதரிலிருந்து எடுத்தார்கள். விட்டுவிட்டு ஓடியவனுக்குப் பாடை தூக்க லயத்தில் ஆள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இப்போது பெயர் இல்லை. 'பாய்ஞ்சான் மக' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தோட்டத்தார் படகைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, மீன் பிடிக்க என்று சொல்லித்தான் நானாவிடம் அதை வாங்கினாள். அவளுக்கு நீச்சலும் தெரியாது, மீன் வாடையும் ஆகாது.

இலைகள் சிவப்பாக இறங்கிக்கொண்டே இருந்தன. காதோரத்தில், தகட்டுக்குள், தண்ணீர் முனகியது. கொஞ்ச நேரம் அவளுக்கு மேல் எது, கீழ் எது என்று பிடிபடவில்லை. தான் ஆற்றின் அடியில் கிடப்பது போலவும், இலைகள் நீரோட்டத்தில் போவது போலவும், தகட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேரின் பாதங்கள் நடுங்குவது போலவும் இருந்தது.

மஷூர் நானா இலைகளைத் துழாவி அந்த உருண்டையை எடுத்துச் சேற்றைத் துடைத்தார்.

"கல்லுன்டு பாத்தேன். அமுங்குதே."

வாடை அவளுக்குச் சொல்லிவிட்டது. ஒட்டுப்பால். மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்துகிடக்கும் பாலை உரித்து, உருண்டையாகச் சுருட்டி, இடுப்புப் பையில் போட்டுக்கொள்வது பால் வெட்டுகிற எல்லோருக்கும் பழக்கம். கடைசிச் சுற்றைக் கட்டைவிரலால் அமுக்கிக் குழி வைப்பது ஒருத்தருக்குத்தான் பழக்கம்.

குழி இருந்தது.

"அவரு சுத்தினது நானா" என்றாள். "அப்ப, அடைச்சிட்டுத்தான் பாய்ஞ்சிருக்காரு."

நானா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் தடித்த தலை. மறு பக்கம் மெல்லிய வால். காளான் மாதிரி.

"இல்ல தங்கச்சி. உள்ளுக்கிருந்து அடைச்சா ஆத்துத் தண்ணி தள்ளிப் போட்டுரும். கீழ இருந்து வச்சாத்தான் தண்ணியே அமுக்கிப் பிடிக்கும். தலை வெளிப்பக்கம் இருந்திரிக்கி, அதாலதான் இப்ப கீழ விழுந்திச்சு." அவர் உருண்டையை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். "படகுக்கு அடியில போன ஆள் வச்சது இது. இதை வைக்கத்தான் அந்த மனுசன் பாய்ஞ்சிரிக்கி."

ஒரு இலை அவள் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட அவளுக்குத் தோன்றவில்லை.

"கங்காணிக்கிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார் நானா. "எந்த வாய் முதல்ல விட்டுட்டுப் பாய்ஞ்சான்டு சொல்லிச்சோ, அதை அல்லாஹ் பாத்துக்குவான். விரலை எடுங்க தங்கச்சி, ரிவெட் அடிப்பம்."

அவள் எடுக்கவில்லை. விரல் மரத்துப்போய், அது தன்னுடையதா அவனுடையதா என்று தெரியாமல் இருந்தது.

அந்த விடியலில், ஏழு பேரில் ஒருத்தியாக, மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்பலகையில் இருந்தாள் சுகந்தினி. பின்னால் தொபுக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். பின்பலகை காலியாக இருந்தது.

"ஐயோ, நம்மள விட்டுட்டுப் பாய்ஞ்சிட்டாரே!" என்று முதலில் கத்திய வாய் அவளுடையது.